நம் மூச்சு மெஷின்களைப் பார்த்துக்கொண்ட ஸ்டெல்லா

போன மாதம் முதல் ஞாயிறு, கிள்ளான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் நம் மூச்சு மெஷின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் வழக்கமாக அனுப்புவதுதான் என்று நினைத்தேன். "ஃபில்டர் பாத்தீங்களா? தண்ணி டப்பா கழுவினீங்களா? மாஸ்க் ரப்பர் தளர்ந்து போச்சா?" உங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கேள்விகள். போனைக் காதில் வைத்தேன். பேசியது வேறு குரல்.

"நான் ஸ்டெல்லாவோட தங்கச்சி ஆக்னஸ் பேசறேன். அக்கா இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க. உங்க எல்லாருக்கும் நான்தான் சொல்லணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க."

மூன்று முறை கேட்டேன். மீன்காரர் பையை நீட்டியபடியே நின்றார்.

ஸ்டெல்லா பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ். அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஆஸ்பத்திரியில் தாதியாகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு சேலைக் கடையின் மாடியில் சின்ன அறை எடுத்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நம்மைப் போன்றவர்களுக்குச் சுவாச மெஷின் பொருத்திக் கொடுப்பதும், அதை அவ்வப்போது வீட்டுக்கே வந்து சோதிப்பதும்தான் அவர் தொழில். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தெட்டு வயது.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதையை இதுவரை குழுவில் சொன்னதில்லை. ஒரு மதியம் கம்போங் மேடானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும்போது, டிராஃபிக் லைட்டில் நின்றவன் அப்படியே தூங்கிவிட்டேன். பஸ் மெல்ல நகர்ந்து முன்னால் நின்ற காரில் இடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். என் குறட்டை நடுவில் நின்றுபோவதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து மெஷின் வேண்டும் என்றார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்தான் ஸ்டெல்லா. மாஸ்க்கை மாட்டிக் குழாயையும் இணைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார்.

"யானை மாதிரி இருக்கேன்," என்றேன்.

"யானைக்குத் தூக்கத்துல மூச்சு நிக்கறதில்ல, மிஸ்டர் மணியம். போட்டுக்குங்க," என்றார்.

காட்டுத்தீயின் புகைமூட்டம் ஊரைச் சூழ்ந்த மாதம் ஒன்றில் வந்தார். மெஷினின் ஃபில்டரை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக இருக்க வேண்டியது கரிந்துபோயிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "பாதி ஊர்ப் புகை, பாதி உங்க வீட்டுச் சாம்பிராணி," என்றார். சாமி படத்தையோ மெஷினையோ, இரண்டில் ஒன்றைத் தள்ளி வைக்கச் சொன்னார். மெஷினைத்தான் தள்ளி வைத்தேன். பந்திங்கில் ஒரு வீட்டில் மெஷினைத் தரையில், சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். திறந்தால் உள்ளே எறும்புக் கூட்டம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகும் என் வீடு கொஞ்ச நேரம் வேறு மாதிரி இருந்தது.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் மாற்ற எனக்கு முதல் வாரமே தெரியும். பஸ் என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவனுக்கு அந்தத் துண்டுப் பஞ்சு என்ன பெரிய காரியம்? ஆனாலும் போன் செய்வேன். மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்பேன். காற்று கசிகிறது என்பேன். அவர் ரயில் ஏறி கிள்ளான் வருவார். தேத்தண்ணி குடிப்பார். மெஷினுக்கு ஒன்றும் இருக்காது.

எட்டாவது வருடம் உண்மையிலேயே கோளாறு வந்தது. காலையில் தலை பாரமாக இருந்தது. பஸ் ஓட்டும்போது கண் சொக்கியது. அப்போது பார்த்து நான் அவரைக் கூப்பிடவில்லை. டாக்டரிடம் அனுப்புவார், வேலை போய்விடும் என்ற பயம். வழக்கமான சோதனைக்கு அவராகவே வந்து, தன் கருவியைக் குழாயில் பொருத்திப் பார்த்தார். வர வேண்டிய காற்றில் பாதிதான் வந்தது.

"சத்தம் ஒழுங்காத்தானே வருது? ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றேன்.

"அஞ்சு வருஷம் இதுக்கு ஆயுசு. பத்திரமா வச்சிருந்தா ஆறு, ஏழு. அதுக்கு மேல ஓடுதுன்னா சும்மா ஓடுது, அவ்வளவுதான். பகல்ல தூக்கம் வருதா?"

மேசைமேல் கிடந்த பஸ் சாவியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டீங்க. நாப்பது பேரை ஏத்திக்கிட்டுப் போறீங்க, இதுக்கு மட்டும் கூப்பிடலையா?" என்றார். என் பஸ் சாவியை மேசையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் இரவல் மெஷின் கொண்டுவந்து மாட்டினார். மூன்று நாள் கழித்து வந்து, மெஷினில் பதிவான என் மூச்சு விவரங்களைப் பார்த்த பிறகே சாவியைத் திருப்பித் தந்தார். வேலை போகவில்லை. முதலாளியிடம் போனில் பேசி விளக்கியது அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

புது மெஷினை வாங்க நான் பிரிக்பீல்ட்ஸ் போனேன். அன்று அவரோடு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஃபில்டர் மாத்த உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியும்னு. பரவாயில்ல லா, கூப்பிடுங்க. எனக்கும் கிள்ளான் வரணும்."

அவ்வளவுதான் பேசினோம். அதற்கு மேல் பேசியிருக்கலாம். அவர் மாதா கோயில், நான் மாரியம்மன் கோயில், இந்த வயதில் என்ன பேச்சு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணங்கள் எதுவும் இன்று நிற்கவில்லை.

கடைசி நான்கு மாதம் அவர் வரவில்லை. முட்டி வலி என்றார். மெஷின் விவரங்களைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அது முட்டி வலி இல்லை, ஈரலில் புற்று என்று ஆக்னஸ் சொல்லித்தான் தெரிந்தது. மற்றவர் மூச்சை எண்ணிப் பார்த்தவர் தன் நோயை யாருக்கும் காட்டவில்லை. நானாவது ஒரு முறை ரயில் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். கூப்பிட்டுப் பழகியவனுக்குப் போகத் தோன்றவில்லை.

அடக்கப் பூசைக்குக் காலையிலேயே போனேன். நம்மில் பலர் அதுவரை ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அடையாளம் தெரிந்தது. லோரி ஓட்டுகிறவர், வங்கி அதிகாரி, ஓய்வு பெற்ற ஆசிரியை, எல்லார் கன்னத்திலும் மாஸ்க் வார் பதிந்த கோடு இன்னும் மறையாமல் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நாம் எல்லோரும் அந்தக் கோட்டோடு வரிசையாக நின்றோம். ஆக்னஸ் பார்த்துவிட்டு அழுதார்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. நல்லா தூங்கினீங்களா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். தூங்கினவனுக்கு அது எப்படித் தெரியும் என்பார் ஸ்டெல்லா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "காலையில எப்படி எழுந்தீங்க?" என்றுதான் கேட்பார். பதில் வரும்வரை உள்ளே வரமாட்டார்.

இப்போது மாஸ்க்கைக் கழற்றியதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை நானே கேட்டுக்கொள்கிறேன். பதிலையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நல்லா எழுந்தேன், ஸ்டெல்லா.