கடலில் எறிந்த கால்தடம்

கேம்பல் பே தீவுக்குப் போகிற கப்பல் தள்ளிப்போகிற நாளில் ஃபீனிக்ஸ் பே துறைமுக டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், மனிதர்களுக்கு எத்தனை மொழியில் திட்ட வரும் என்று. இந்தியில் ஆரம்பித்து, பெங்காலி, தெலுங்கு என்று போய், கடைசியில் நம்ம தமிழில் வந்து முடியும். காற்று அடித்தால் என் குற்றம், கடல் கொந்தளித்தால் அதுவும் என் குற்றம். அப்படி ஒரு நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே புரோத்ராபூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மகள் வாசலுக்கு வந்து கேட்டாள்.

"அம்மா, என் பெட்டியில இருந்த அச்ச எடுத்தியா?"

"எந்த அச்சுடி? நானே இப்பத்தான் வர்றேன்."

அவள் முகம் வெளுத்திருந்தது.

என் மகள் பூமியின் மேல் நுனியில், வடதுருவத்துக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் வேலை பார்த்தாள். இப்போது ஐஸாக உறைந்து கிடக்கும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் காடு இருந்ததாம். ஈரச் சேற்றில் பெரிய பெரிய மிருகங்கள் நடந்த தடம் அப்படியே கல்லாகிவிட்டதாம். பிறகு தரையே புரண்டு செங்குத்தாக நின்றுவிட்டதால், மிருகங்கள் சுவரில் பல்லி மாதிரி ஏறிப் போனதாகத் தோன்றுமாம். இதையெல்லாம் அவள் போனில் சொல்லுவாள். நான் மீனைக் கழுவிக்கொண்டே "ம்" கொட்டுவேன். அவளுடைய அப்பா அதுவும் இல்லை. யாராவது மகளைப் பற்றி விசாரித்தால், "ஐஸ் கம்பெனியில இருக்கா" என்பார். அவ்வளவுதான்.

அந்தப் பாறை குளிரில் வெடித்து வெடித்து உதிர்கிற ஜாதி. ஒரு குட்டி மிருகத்தின் காலடி மட்டும் முழுசாக இருந்தது. அதை ரப்பரில் பதிவெடுத்து, ரப்பரிலிருந்து பிளாஸ்டரில் ஓர் அச்சு எடுத்தாள். ரப்பர் கிழிந்து போயிற்று. அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் அந்தப் பாறையே கடலுக்குள் விழுந்து கிடந்தது. ஆக உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஓர் அச்சுதான். சென்னையில் புதிதாகக் காட்சிக்கூடம் ஒன்று தொடங்குகிறவர்கள் அதைக் கொண்டுவரச் சொல்லி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதைக் காட்டினால் வேலை. வேலை கிடைத்தால் அவள் சென்னையில் இருப்பாள், நினைத்தால் போய்ப் பார்த்துவிடலாம். கிடைக்காவிட்டால் திரும்ப அந்த ஐஸுக்கே போக வேண்டியதுதான். அவள் லீவில் வந்த நாளிலிருந்து நான் சாமியிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், நாங்கள் பேசியது கேட்டு ஹோஸும் கையுமாக உள்ளே வந்தார்.

"அரே, அதையா தேடுற? காலையிலயே கொண்டு போயி கடல்ல விட்டுட்டு வந்துட்டேனே. நல்லவேளை என் கண்ணுல பட்டுச்சு. செக்கிங்ல மாட்டியிருந்தா பக்கா கேஸு. கெடைக்கப் போற நௌக்ரியே போயிருக்கும். படிச்ச புள்ள, பவளத்தத் துண்டுல சுத்திப் பெட்டியில வைப்பியா பாப்பா?"

இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சங்கோ பவளமோ இந்தத் தீவை விட்டு வெளியே போகக் கூடாது. காலமெல்லாம் கப்பலில் வேலை பார்த்தவர் அவர். பெட்டியைத் திறந்து போட்டு அழுத டூரிஸ்டுகளை எத்தனையோ பார்த்துவிட்டார். மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், கிளம்பும் நாளில் அவர்கள் பைகளைத் துழாவிப் பார்ப்பது அவர் வழக்கம். அகப்பட்டதை எடுத்துப் போய்க் கடலிலேயே விட்டுவிட்டு வருவார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அழுதாலும் கேட்க மாட்டார்.

"அப்பா, அது பவளம் இல்லப்பா."

"வெள்ளையா, சொரசொரன்னு, விரல் விரலா இருந்துச்சேம்மா!"

"அது கால் விரலுப்பா."

அப்போதும் அவருக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. கையிலிருந்த ஹோஸைக் கீழே போடாமல் அப்படியே நின்றார், அதிலிருந்து தண்ணீர் என் சமையலறைத் தரையெல்லாம் ஓடியது. எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "உங்கள யாருங்க கேட்டா? ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?" அதற்கு மேல் கத்தவும் எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்து, அவர் எறிந்த பாறைப் பக்கம் மூவரும் போனோம். முதலை ஜாக்கிரதை என்று போர்டு வைத்திருக்கிற இடம் அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பாட்டுக்கு இறங்கிவிட்டார். "அப்பா, ஏறி வாங்கப்பா! போதும்ப்பா!" என்று அவள் கத்தினாள். அவர் காதில் ஏறவில்லை. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "இதுவா பாப்பா?" "இல்லப்பா." "இது?" "இல்லப்பா." எல்லாம் செத்த பவளம். எல்லாமே வெள்ளை, எல்லாமே விரல் விரலாக இருந்தன. அலை ஏற ஆரம்பித்த பிறகு நான்தான் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். உள்ளங்கையெல்லாம் கீறல். வீட்டுக்கு வந்து அவள்தான் மருந்து போட்டுவிட்டாள்.

வெறுங்கையோடு அவள் சென்னைக்குப் போனாள். போன பிறகு அவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். "கெடச்சிரும்ல? அவ படிப்புக்குக் கெடைக்காமயா போயிரும்?" என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன, வேலை கொடுக்கிறவளா? "கெடைக்கும், போய்ப் படுங்க" என்பேன்.

ஒரு சாயங்காலம் போன் வந்தது. கையில் மீன் செதில். விரல் முட்டியால் போனைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் திண்டில் வைத்தேன்.

"அம்மா, கெடைக்கலம்மா. போட்டோவெல்லாம் காட்டினேன். பொருள் இல்லாம என்னத்த வைக்கிறதுன்னுட்டாங்க. நான் திரும்ப வடக்கேயே போறேன், கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருஷம் வர முடியாதும்மா."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"அப்பாகிட்ட வேற ஆளு எடுத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லும்மா. அந்த அச்சுனாலதான்னு சொல்லிராத. தாங்க மாட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் துண்டைத் தோளில் போட்டபடி அவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. மெதுவாக வந்து திண்டைப் பிடித்துக்கொண்டு போனுக்கு நேராகக் குனிந்தார்.

"கேட்டுட்டேன் பாப்பா."

யாருக்கும் போனை வைக்கத் தோன்றவில்லை.