கோவா இலைக்கு அடியில்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வரிசை வீட்டுக்குப் பின்னால் அப்பாவுக்குக் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் உண்டு. கோவா என்கிற முட்டைக்கோஸ், லீக்ஸ், கரட். மலையில் வேலை முடிந்தால் இருட்டும்வரை அங்கேதான் நிற்பார். எல்லோரையும் போல அவரும் பூச்சிக்கு மருந்துதான் அடித்தார். போத்தல் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அம்மா கொழுந்து எடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அக்கா அதைக் குடித்துவிட்டாள். முதல் நாள் அம்மாவோடு சின்ன வாய்ச்சண்டை. அதுதான் காரணமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நான் நல்லாயிருவேன்தானே?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்றேன். அவள் பிழைக்கவில்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் கோவாவில் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. பிறகு பச்சைப் புழு. இலையெல்லாம் சல்லடை. லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டு மாமா தன் மருந்தைத் தருவதாகச் சொன்னார். அப்பா தலையாட்டி மறுத்துவிட்டார்.

"கையால பொறுக்கி முடியுமாண்ணே?"

"முடிஞ்ச வரைக்கும் பொறுக்குறேன்."

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன்பே தோட்டத்தில் இறங்குவார். ஒவ்வொரு இலையாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் முட்டைகளை விரலால் நசுக்குவார். புழுக்களைச் சவர்க்காரத் தண்ணீர் டின்னில் போடுவார். அடுப்புச் சாம்பலைத் தூவுவார். மழை வந்து சாம்பலைக் கழுவிக்கொண்டு போகும். திரும்பவும் தூவுவார். பூண்டும் கொச்சிக்காயும் அரைத்துக் கரைத்துத் தெளித்ததில் அவர் கண்தான் எரிந்தது. அந்தப் போகத்தில் மரக்கறி வாங்க வரும் லொறிக்காரர் ஓட்டைக் கோவாவைத் தொட்டும் பார்க்கவில்லை.

அக்கா போன பிறகு அம்மா தோட்டத்துப் பக்கமே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வரப்பில் நின்றார்.

"ஏங்க இந்தப் பாடு? அவ போயிட்டா. இனிமே போத்தல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அப்பா நிமிரவில்லை. "அன்னைக்கு அது கைக்கு எட்டாம இருந்திருந்தா, புள்ள கொஞ்ச நேரம் அழுதுட்டுத் தூங்கியிருக்கும். சாயங்காலம் எந்திரிச்சு தேத்தண்ணி கேட்டிருக்கும்."

அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. அப்பா டின்னைக் கீழே வைத்துவிட்டு, மண் ஒட்டிய கையோடு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் குழாயடியில் குடத்தோடு நின்றேன். கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

இப்போது பூச்சியை விரட்டப் பாத்தி ஓரமெல்லாம் செண்டுப்பூச் செடி நிற்கிறது. புழுக்களைக் கொத்தக் குருவிகள் வருகின்றன. ஆனாலும் பாதிக் கோவாதான் தேறுகிறது. பக்கத்துக் காம்பரா மாமா இன்னும் மருந்துதான் அடிக்கிறார். ஆனால் போத்தலை இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்கிறார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

காலையில் அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பாத்தியில் குனிந்து புழுப் பொறுக்குகிறார்கள்.