ஆசீர்வாதம் சாரின் வலக்கை

வீடு தேடிப் போய் பிசியோதெரபி செய்பவனுக்கு இரண்டு தடைகள் உண்டு: ஒன்று வாசலில் கட்டாத நாய், இன்னொன்று நோயாளி மேல் உயிரையே வைத்திருக்கும் மனைவி. நாயை பிஸ்கட் போட்டுச் சமாளிக்கலாம். இந்தத் தொழிலில் உழன்ற சக பாவிகள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

எண்பதுகளில் நான் படித்த பாடப்புத்தகம், வளர்ந்தவர் மூளையில் போனது போனதுதான் என்று அடித்துச் சொன்னது. அதை அப்படியே எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறகு வெளிநாட்டிலிருந்து நண்பன் ஒருவன் அனுப்பிய ஜெராக்ஸ் கட்டுரைகள் வேறு கதை சொல்லின. மூளை தன்னைத் தானே திருத்தி அமைத்துக்கொள்ளுமாம். ஆனால் செயலிழந்த உறுப்பு சும்மா கிடக்கக் கூடாது, விடாமல் வேலை செய்ய வேண்டும். மதிப்பெண்ணை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், அந்த ஜெராக்ஸ் கட்டோடு ஒரு மொபெட்டில் தாம்பரம் சுற்று வட்டாரமெல்லாம் அலைந்துகொண்டிருந்தேன்.

எண்ணெய் கொண்டு வராதவன்

அஸ்தினாபுரத்தில் ஆசீர்வாதம் சார் வீடு. டெலிபோன் ஆபீசில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் காலும் மெல்ல மெல்லத் திரும்பியிருந்தன. கை மட்டும், யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

முதல் நாள் நான் போனபோது அவர் மனைவி ரூபியம்மா பாய் விரித்து, பழைய துணி எடுத்து வைத்து, வெந்நீரும் போட்டு வைத்திருந்தார். உருவி விட ஆள் வருகிறது என்று நினைத்திருக்கிறார். நான் பையைத் திறந்து துணி மாட்டும் கிளிப், கோலிக்குண்டு, ஒரு பொட்டலம் பட்டாணி ஆகியவற்றை வரிசையாக எடுத்து வைத்தேன். எல்லாம் விரல்களுக்கு வேலை கொடுக்க. ரூபியம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எண்ணெயும் இல்ல, கரண்டு மெஷினும் இல்ல. சொப்பு வெச்சு விளையாட வந்த மாதிரி வந்திருக்கீங்களே தம்பி?"

மண்டைக்குள் ஒரு மனை

எனக்கு விளக்கம் சொல்லும் வியாதி உண்டு. ஆசீர்வாதம் சாருக்கு முடிச்சூரில் ஒரு மனை இருப்பது தெரிந்ததும் அந்த வியாதி முற்றிவிட்டது. "உங்க ஒவ்வொரு விரலுக்கும் மூளையில ஒரு மனை இருக்கு சார். மனையை வாங்கிப் போட்டுட்டு எட்டியே பார்க்காம விட்டா என்ன ஆகும்? பக்கத்து மனைக்காரன் வேலியை நகர்த்திக் கட்டுவான். மூளையிலயும் அப்படித்தான். விரலை அசைச்சா இடம் உங்களுது. அசைக்காட்டி, வேற ஏதாவது வந்து குடியேறிடும். முதல் சில மாசம்தான் மூளை தாராளமா விட்டுக் கொடுக்கும். அதுக்குள்ள பிடிச்சாகணும்."

இதைவிடத் தெளிவாக இதை யாரும் விளக்கியிருக்க முடியாது என்று எனக்கு இன்றும் ஒரு எண்ணம் உண்டு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழறலோடு சொன்னார்:

"பஸ் இருந்தும் முடிச்சூருக்கே நான் போய்ப் பார்க்கல சார். மண்டைக்குள்ள எப்படிப் போறது?"

ஊட்டும் கை

வெளிநாட்டில் நல்ல கையை உறைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்களாம், விழுந்த கை வேறு வழியில்லாமல் உழைக்கட்டும் என்று. நம் ஊரில் கட்டவே வேண்டாம் என்று நான் மகிழ்ந்தேன். இடது கையால் சோறு தின்ன ஆசீர்வாதம் சார் செத்தாலும் சம்மதிக்க மாட்டார். அப்படியானால் பசி வந்தால் வலக்கை எழுந்துதானே ஆக வேண்டும்? மேலும் சோற்றைப் பிசைந்து, உருட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது சாதாரண வேலையல்ல. கரண்டியைக் கண்டுபிடித்த நாகரிகங்கள் இழந்துவிட்ட மகத்தான விரல் பயிற்சி அது.

என் கணக்கில் ரூபியம்மாவைச் சேர்க்க மறந்துவிட்டேன். மூன்று வேளையும் அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிசைந்து, ஊதி, ஊட்டினார். இப்படி ஊட்டினால் கை வராது, தட்டை முன்னால் வைத்துவிட்டு நீங்கள் அடுக்களைக்குப் போய்விடுங்கள் என்றேன். ஒருநாள் முயன்றார். சோறு ஆறிப்போனது, சார் தொடவே இல்லை. மறுநாள் எனக்கு வாசலிலேயே தீர்ப்பு வந்தது:

"பட்டினி போட்டுத்தான் அந்தக் கை வரணும்னா, அந்தக் கையே எங்களுக்கு வேணாம் தம்பி."

பலாச்சுளை

குரோம்பேட்டையில் ஒரு நோயாளி வெளியூர் போய்விட்டதால், ஒரு நாள் வழக்கமில்லாத நேரத்தில் போனேன். ரூபியம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கதவு சாத்தியிருந்ததே தவிரத் தாழிடவில்லை. உள்ளே ஆசீர்வாதம் சார் ஒரு கிண்ணம் பலாச்சுளையோடு உட்கார்ந்திருந்தார். வலக்கையால் சுளையைப் பிளந்து, கொட்டையை நெம்பி எடுத்து, வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாகத்தான், ஆனால் பிசகாமல். அந்த விரல்கள்தான் முந்தாநாள் என் எதிரில் ஒரு பட்டாணியைக்கூட எடுக்க முடியாமல் திணறிக் காட்டியவை.

என்னைப் பார்த்ததும் கை மடியில் விழுந்து பழையபடி செத்துப்போனது. எனக்குக் கோபம் வந்தது. மனைவி மார்க்கெட் போகிற நேரம் மட்டும் உழைத்தால் எப்படி? நாள் முழுவதும் உழைத்தாலே மூளை மசிவது கஷ்டம், இப்படியே விட்டால் இருப்பதும் போய்விடும் என்று பொரிந்து தள்ளினேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஆபீஸ்ல இருந்த காலமெல்லாம் நான் பேப்பரைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டேன், அவ அடுப்பைப் பார்த்துக்கிட்டே பரிமாறினா. இப்பதான் சார் எதிர்ல உக்காருறா. கை வந்துட்டா எழுந்து போயிடுவாளே?"

எந்த ஜெராக்ஸிலும் இல்லாத பயிற்சி

ஜெராக்ஸ் கட்டை இரண்டு நாள் புரட்டினேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட அவற்றில் இல்லை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய், மிகுந்த கண்டிப்போடு ரூபியம்மாவிடம் சொன்னேன்: "புதுப் பயிற்சிம்மா. நீங்க வழக்கம்போல எதிர்லயே உட்காரணும், எழுந்திருக்கக் கூடாது. ஒரு வாய் சார் தானா சாப்பிடுவார். அடுத்த வாய் உங்களுக்கு ஊட்டுவார். எதிராளி வாய் வரைக்கும் கொண்டு போனாத்தான் தோளும் மணிக்கட்டும் வேலை செய்யும்." சொன்னது அவ்வளவும் உடற்கூறியல்படி உண்மை. பலாச்சுளையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஐயையோ, இந்த வயசுலயா? முதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றார் ரூபியம்மா. சாத்தினேன். சார் பிசைந்தார். அன்றைக்குக் கை நடிக்கவில்லை, உண்மையாகவே நடுங்கியது. முதல் கவளம் புடவையில் விழுந்தது. இரண்டாவது மோவாயில் இடித்தது. மூன்றாவது சரியாக வாய்க்குப் போனது. ரூபியம்மா மென்றார். பாதியில் நிறுத்தினார். ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் சொன்னபடி கணவருக்கென்று தனியாகச் சமைத்தாரே தவிர, அந்தச் சாம்பாரை ரூபியம்மா ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. கணவரை நிமிர்ந்து பார்த்தார். கணவர் தட்டைப் பார்த்தார்.

"உப்பே இல்லையே! சவசவன்னு இருக்கு. இதையா இத்தனை மாசமா ஒரு வார்த்தை சொல்லாம, ஆன்னு வாயைத் திறந்து வாங்கிட்டிருந்தீங்க?"

அன்றிலிருந்து மூன்று வேளையும் ரூபியம்மா எதிர் நாற்காலியை விட்டு எழாமல் அந்தப் பயிற்சியைத் தொடர்ந்தார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆசீர்வாதம் சார் தன் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு வந்தார். அதற்கான பெருமையைக் கர்த்தருக்கும் எனக்கும் ஊரார் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள், உப்பில்லாத சாம்பாருக்கு யாருமே ஒரு பங்கு ஒதுக்கவில்லை.