திருமழிசை வழியாகக் கடலுக்கு

காலை எட்டு மணிக்குக் கள்ளிக்குப்பத்தில் வீட்டைப் பூட்டிக் கருவிப் பெட்டியோடு கிளம்பினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பஸ், பூந்தமல்லியில் இன்னொன்று, பிறகு திருமழிசை தொழிற்பேட்டை. அங்கிருந்து மாலைக்குள் துறைமுகம் சேரவேண்டும். ஆராய்ச்சிக் கப்பல் மறுநாள் விடியலில் புறப்படுகிறது; ரேடியோ ரிப்பேரில் பழகிய கையால் ஒரு வருடமாக நான் செய்த கருவி அதில் ஏறியாகவேண்டும்.

கடல் தன் சூட்டைக் காற்றுக்கு எவ்வளவு கொடுக்கிறது, எவ்வளவு வாங்குகிறது என்று அளக்கும் கருவி. அதற்குக் கடல்மேல் வீசும் காற்றின் வெப்பம் சரியாகத் தெரியவேண்டும். வெப்பமானிமேல் வெயில் விழுந்தால் கணக்கு பொய். அதனால் வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு குடை செய்யச் சொல்லி, திருமழிசை லேத்துக்காரர் ஏகாம்பரத்திடம் கொடுத்திருந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் ஆவடி குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர், மதுரைப் பக்கத்துப் பேச்சு. கடலின் சூட்டை அளக்கிறேன் என்றதும், "ஏந் தம்பி, கடலுக்குக் காச்சலா?" என்று கவலையோடு கேட்டார்.

ஏகாம்பரம் வாசலிலேயே சிரித்தார். "வா நைனா! சாமான் சோக்கா ரெடியா கீது."

பார்த்தேன். தட்டுகளின் இடுக்கெல்லாம் மெழுகு. ஊசிகூட நுழையாது.

"என்னண்ணே இது?"

"நீதானே போன்ல சொன்னே, காத்து போவணும்னு? துளி காத்து இல்லாம போக்கிட்டேன்!"

காற்று உள்ளே புகுந்து போகவேண்டும் என்றுதான் சொன்னேன். சைக்கிள் ட்யூபில் காற்று போவதுபோல அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். விளக்கியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கப்பல உட்டா?"

"அடுத்த வருசம்தாண்ணே."

"மெழுகுதானே? எயுந்திரு."

பக்கத்து டீக்கடையில் பெரிய அண்டா நிறையக் கொதிக்கும் தண்ணீர். குடையை முக்கினோம். மெழுகு உருகி மேலே மிதந்தது.

"மாமே, இன்னிக்கு டீ வழுக்கினு போனா என்னைக் கேக்காதே" என்றார் டீ மாஸ்டர்.

காற்றுக்கு வழி பிறந்ததா என்று பார்க்க, மாஸ்டரே பீடியை இழுத்துத் தட்டுகளுக்குள் ஊதினார். புகை மறுபக்கம் வந்து ஏகாம்பரத்தின் மீசையில் மோதியது.

"யோவ், மூஞ்சில உடாதய்யா!" என்று இருமினாலும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குத் துறைமுகம். ஏகாம்பரமும் கூடவே வந்துவிட்டார். கப்பல் முகப்புக் கம்பத்தில் குடை ஏறியது. உள்ளே வெப்பமானியை வைத்துப் பெட்டிக்கு இணைப்புக் கொடுத்தேன். திருமழிசையில் எங்களை வறுத்த வெயில் இங்கே இல்லை, கடற்காற்று எழும்பியிருந்தது. பெட்டியில் வெப்பத்தைக் காட்டும் எண் மெல்ல இறங்கியது.

"இன்னா சொல்லுது?"

"சிலுசிலுன்னு இருக்காம்."

"எனக்குந்தான் நைனா" என்று சட்டையின் மேல்பொத்தானை அவிழ்த்துவிட்டு நின்றார்.