இடமில்லை என்று வெட்டிய இரண்டு வரிகள்

கலியமூர்த்தி இறந்த செய்தி காலை ஏழரை மணிக்கு எங்கள் திரைப்பட வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வட்டம் கலைந்து மூன்று வருடமாகிறது. குழு மட்டும் தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் பதினைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள். பதினாறாவது ஆள் இப்படி எழுதியிருந்தார்: "தங்கமான மனிதர். சீட்டாட்டம் என்ற ஒரே ஒரு பலவீனம். ஆன்மா சாந்தியடையட்டும்." அதற்கும் நாலு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுதியவர் மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். கலியமூர்த்தியை அறிந்த உங்களுக்காகவும், அறிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் கன்வேயர் பிரிவு. நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட் கிழிந்தால் அதைச் சூடுவைத்து ஒட்டுகிற குழுவில் இருந்தார். நான் வரைபடப் பிரிவு. விசிறிக்கடியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பெர்மனென்ட் ஆன முதல் ஆள் அவர். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஊழியர் மன்றத்து மாடியில் நாங்கள் படம் போடுவோம். முதல் ஷிப்ட் முடித்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து, கதவோரம் கடைசி வரிசையில் உட்காருவார். தரை அழுக்காகிவிடுமாம், அதனால் கடைசி வரிசை.

ஒருமுறை வெளிநாட்டு மழைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லோரும் நெகிழ்ந்துபோய் நின்றோம். நான் அவரிடம், "எப்படி இருந்தது?" என்றேன்.

"மழை பெஞ்சிக்கினே இருந்துது சார். ஆனா ஒருத்தனும் நனையல" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். அன்றிலிருந்து என் கருத்தை எழுதுவதற்கு முன் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வேன். பல முறை அதையே என் கருத்தாக எழுதிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படம் முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுப்போம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கருத்தெழுதி, புதன்கிழமைக்குள் என் மேசையில் சேர்த்துவிட வேண்டும். அவற்றைத் தொகுத்து நாலு பக்க மடலாக நகலெடுத்து வீடுவீடாகக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு கருத்துக்கும் கீழே பெயர், பிரிவு, பிளாக் மூன்றையும் போடுவேன். பிளாக் பிளாக்காகக் குடியிருப்பு கட்டிய இந்த ஊரில் ஆளைச் சொன்னால் பிளாக்கையும் சேர்த்துச் சொல்லாமல் நமக்கு வாய் நிற்காது. காணாமல்போன சைக்கிளுக்குக்கூடப் பிளாக் போட்டுத்தான் அறிவிப்பு ஒட்டுவோம்.

அந்த மாதம் போட்டது, கட்டடங்களின் கீழறைகளில் போலீஸுக்குத் தெரியாமல் போக்கர் சீட்டு ஆடுகிறவர்களைப் பற்றிய படம். ஓர் இளைஞன் எல்லாவற்றையும் தோற்று, சிநேகிதனையும் காட்டிக்கொடுத்து, கடைசி ஆட்டத்தில் ஜெயித்து, கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்துபோவான். விளக்கைப் போட்டதும் கைதட்டல் ஓய வெகுநேரமானது. மூத்த பொறியாளர் ஒருவர் அவனைத் தற்காலத் துறவி என்றார். பள்ளி ஆசிரியர் ஒருவர் அவன் கண்களைப் பற்றி மட்டுமே பேசினார். எட்டாம் பிளாக் ராஜேஸ்வரி அம்மாள், "பாவம், தாயில்லாப் பிள்ளை. அன்பு கெடச்சிருந்தா ஏன் சீட்டத் தொடப்போறான்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரவர் மனசில் எவ்வளவு ஈரம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது மன்றத்தின் கீழ்த்தளத்தில் வழக்கம்போல ரம்மி நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆடியவர்களுக்கு உறுப்பினர்கள் என்று பெயர்.

கலியமூர்த்தி அன்று வாயே திறக்கவில்லை. புதன்கிழமை தாளை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். மடலில் நான் போட்டது இது:

"படம் நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் சீட்டாடுகிறவன் இப்படி இருக்கமாட்டான். எனக்கு இந்த ஆட்டம் தெரியும். காலி குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவோம். கை சீட்டில் இருக்கும், காது வாசலில் இருக்கும். படத்தில் அந்தப் பையன் சீட்டைப் பார்க்கிறான், எதிராளி முகத்தைப் பார்க்கிறான். ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. யார் வீட்டிலும் சோறு ஆறிப்போகவில்லை."

வந்த முப்பது கருத்துகளில் இது ஒன்றுதான் கருத்து. மற்றதெல்லாம் மரியாதை. ஆனால் அந்தப் பொறியாளர் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதில் கைவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கலியமூர்த்தி எழுதியதில் கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டால் பக்கம் கச்சிதமாக முடிந்தது. படத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்த விஷயம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வெட்டினேன். கீழே வழக்கம்போலப் போட்டேன்: கலியமூர்த்தி, கன்வேயர் பிரிவு, இருபத்தொன்றாம் பிளாக்.

வெறும் கலியமூர்த்தி என்று போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நம் வட்டாரத்தில் தெருவுக்கு நாலு கலியமூர்த்தி இருப்பார்கள்.

அப்போது அவருடைய மகள் கவிதாவுக்கு வரன் பேசி முடித்திருந்தார்கள். பையன் ராஜேஸ்வரி அம்மாளின் தங்கை மகன். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக இருந்தது. அந்த அம்மாள் தன் கருத்து அச்சில் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக மடலைப் பிரித்திருக்கிறார். அவர் கருத்துக்கு நேர் கீழேதான் கலியமூர்த்தியுடையது இருந்தது. வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டு நாளில் நிஜக் காரணம் எல்லா பிளாக்குக்கும் போய்ச் சேர்ந்தது. "காலி குவார்ட்டர்ஸ்ல சீட்டாடுற ஆளு வூட்ல எப்படிங்க பொண்ணு எடுக்கறது?" என்று அந்த அம்மாளே கூட்டுறவு அங்காடி வரிசையில் நின்று கேட்டார். திரையில் ஆடியவனுக்காக அழுத கண் அது.

கலியமூர்த்தி ஒரு மத்தியானம் என் மேசைக்கு வந்தார். மடலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"கடைசி ரெண்டு வரி காணமே சார்" என்றார்.

"இடம் பத்தலை, கலியமூர்த்தி."

"நான் அத வுட்டு நாலு வருஷம் ஆவுதுன்னு எழுதியிருந்தேனே. அது இல்லாம படிச்சா இன்னிக்கும் ஆடிக்கினு இருக்கிற மாதிரி இல்ல இருக்குது?"

"அடுத்த மடலில் திருத்தம் போட்டுவிடுகிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அடுத்த மாசம் படிக்கறவங்களுக்கு அது தெரியும் சார். இந்த மாசம் படிச்சவங்கள யாரு தேடிப் புடிக்கறது?"

அந்தத் திருத்தமும் வரவில்லை. வட்டத்தின் நிர்வாகக் குழு கூடி, திருத்தம் போட்டால் விஷயம் இன்னும் பெரிதாகும், அவருக்கே சங்கடம் என்று முடிவெடுத்தது. முடிவை முன்மொழிந்தவர் அந்தப் பொறியாளர். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ராஜேஸ்வரி அம்மாளின் வீடு என் வீட்டிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், "அம்மா, தப்பு என்னுடையது, இதைப் படியுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. போயிருந்தால் நான் எதற்காக வெட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருடம் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருந்தேன்.

அதன் பிறகு அவர் படத்துக்கு வரவில்லை. கதவோரக் கடைசி நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மனித மனத்தின் ஆழங்களைப் பற்றிப் பேச எங்களுக்கு நிறைய இருந்தது. ஆனால் ஷிப்ட் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் நகர்ந்து இடம் கொடுப்பார். "இந்த மாசம் இன்னா படம் சார்? ஆளுங்க இன்னா சொன்னாங்க?" என்று கேட்பார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். நான் சொல்லும்போது என் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். கவிதாவுக்கு இரண்டு வருடம் கழித்து விருத்தாசலம் பக்கம் வரன் அமைந்தது. கல்யாணத்துக்கு வட்டத்திலிருந்து நான் ஒருவன்தான் போனேன்.

ஓய்வுக்குப் பிறகு வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். போன வாரம் அந்த வீட்டு வாசலில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கைகூப்பிய பதினைந்து பேரில் நேரில் வந்தவர்கள் மூன்று பேர். எடுத்த பிறகு அவர் மனைவி அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுது முடித்த குரலில்தான் பேசினார்.

"அந்த மடல் போட்டவர் நீங்கதானுங்களே."

"ஆமாம்மா."

"அந்தக் கடைசி ரெண்டு வரி நான் எழுதச் சொன்னதுங்க. எழுதினத எனக்குப் படிச்சிக் காட்டினாரு. ஆடினத எழுதற, வுட்டத ஏன்யா எழுதலன்னு கேட்டேன். 'வுட்டதுக்கு எவன் சாட்சி, நீயா?'ன்னு சிரிச்சாரு. நான்தான், எழுதுன்னேன். மடல் வந்தன்னிக்கி எம் பொண்ணக் கூப்பிட்டு அதப் படிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அவ ரெண்டு தரம் படிச்சா. அந்த வரி வரவே இல்ல. நான்தான் சரியாக் கேக்கலன்னு நெனச்சேன்."

"இருட்டறதுக்கு முன்ன கெளம்புங்க சார்" என்று அவரே என்னை அனுப்பிவைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து மேசையின் அடி டிராயரைத் துழாவினேன். அவர் எழுதிக்கொடுத்த தாள் இருந்தது. மற்ற எல்லாத் தாள்களையும் பழைய பேப்பருக்குப் போட்டவன் இதை மட்டும் ஏன் வைத்திருந்தேன் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். மடித்த இடத்தில் பென்சிலால் நான் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதை, இந்த அஞ்சலியை வெளியிடுகிறவர்கள் வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, ஏழு வருடம் தாமதமாக, அவர் எழுதியபடியே தருகிறேன்:

"நான் இதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. என் சம்சாரம் அஞ்சலை சாட்சி."