கிளெனிஸ் பாஸ்கோவும் செப்டம்பர் வசந்தமும்

உலகின் எந்தத் துறைமுகத்தில் எந்த அதிகாரி எதற்கு முகம் சுளிப்பார் என்பது கிளெனிஸ் பாஸ்கோவுக்குத் தெரியும். பூமியின் தென்பாதியிலுள்ள தாரானாகி வட்டாரத்துச் சீஸ் ஏற்றுமதியாளர் சங்கத்தின் ஒரே ஊழியர் அவர். வெளிநாடுகள் விதிகளை மாற்றும்போதெல்லாம், அவற்றை மனிதர்க்குப் புரியும் மொழியில் எழுதி, வியாழன்தோறும் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைப்பார். உறுப்பினர்கள் காலைக் கறவை முடித்துத் தேநீரும் கையுமாக அதைத் திறப்பார்கள், தலைப்பில் அவர் எழுதும் கேலித்துணுக்கைப் படித்துச் சிரிப்பார்கள், உடனே மூடிவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, நெவில் டிப்பிள் தம் முதல் ஏற்றுமதிச் சரக்கின் படத்தைப் பெருமையோடு அவருக்கு அனுப்பினார். ஒவ்வொரு சீஸ் உருளையிலும் பச்சைச் சீட்டு. அதில் கொட்டை எழுத்தில் 'வசந்தகாலப் பால்'. அதன் கீழேயே தயாரித்த மாதம், செப்டம்பர். கிளெனிஸ் தலையில் கைவைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"நெவில், போன வாரம் நான் எழுதினதப் படிச்சியா?"

"படிச்சேனே. அந்தப் பாதிரியார் ஜோக்கு பிரமாதம்."

"அதுக்குக் கீழ?"

"கீழ வேற இருந்துச்சா?"

"பருவத்தோட பேரப் போட்டா, அது அவங்க ஊர்ப் பருவமா இருக்கணும்னு உன் சரக்கு போற நாட்டுக்காரன் விதி போட்டுட்டான்யா. பூமிக்கு வடபாதியில வசந்தம் மார்ச்சுல. உன் சீட்டப் பாத்தா பொய்னு சொல்லிச் சரக்கத் திருப்பி அனுப்பிடுவான். அங்க உன் சரக்க வாங்குற வியாபாரி அப்புறம் உன் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டான்."

"எந்த மாசம் புல்லு முளைக்குதுன்னு என் மாட்டக் கேக்கச் சொல்லு, கிளெனிஸ்! செப்டம்பர்தான் வசந்தம். ஒரு எழுத்த மாத்த மாட்டேன்."

லாரி திங்களன்று கிளம்பும். அந்த ஆர்டரை நம்பித்தான் நெவில் புதிய குளிர்அறை கட்டியிருந்தார் என்பதும், பிடிவாதத்தில் அவரை அவருடைய காளையே குருவாகக் கொள்ளலாம் என்பதும் கிளெனிஸுக்குத் தெரியும்.

அன்று மாலை ரக்பி கிளப்பில், இறைச்சியைப் பரிசாக வைத்து நடக்கும் வழக்கமான சீட்டுக் குலுக்கல். சீட்டெடுத்து எண் படிப்பது கிளெனிஸின் பொறுப்பு. நெவில் உள்ளிட்ட சங்கத்தார் அனைவரும் பீர்க் கோப்பையோடு ஆஜர். கிளெனிஸ் ஆட்டுத்தொடை ஒன்றை உயர்த்திக் காட்டி, மிகுந்த பயபக்தியோடு அறிவித்தார்:

"அடுத்த பரிசு, நடுக்கோடைப் புல் மேஞ்ச ஆட்டுக்குட்டி. வெட்டினது இந்த ஜூலை மாசம்!"

முதலில் எழுந்தவர் நெவில்தான். "ஜூலையில நடுக்கோடையா? அப்ப என் தண்ணித்தொட்டியில உறைஞ்சு கெடந்தது என்ன, பாயசமா? எந்தக் களவாணிப்பய வித்தான் இத? சீட்டுக் காசத் திருப்பிக் குடு!"

"வடக்கத்திக்காரன் வித்தான் நெவில். அவன் ஊர்ல ஜூலை கோடைதானே?"

"அவன் ஊர்க் கோடைய வச்சு நான் என்ன பண்றது? திங்கப்போறது நான்ல!"

சொல்லிமுடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. கிளெனிஸ் தொடையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். நெவில் கோப்பையைக் காலிசெய்து உட்கார்ந்தார்.

"சரி, தொலையட்டும். மேல வேற சீட்ட ஒட்டிடலாமா?"

"கூடாது. பழசச் சுத்தமா உரிக்கணும்."

"அத்தனையுமா?"

"அதுவும் அந்த ஜோக்குக்குக் கீழதான் இருந்துச்சு."

சனியும் ஞாயிறும் கிளப்பில் பாதிப்பேர் நெவிலின் கொட்டகையில் வெந்நீர்த் துணியோடு பச்சைச் சீட்டுகளை உரித்தார்கள். நெவிலின் பருவஞானத்தைப் பற்றி அங்கே பேசப்பட்டவை அச்சுக்கு உகந்தவை அல்ல. புதிய சீட்டில் 'செப்டம்பர் பால்' என்று மட்டும் இருந்தது.

திங்களன்று லாரி பாதை வளைவில் திரும்பி மறையும்வரை நெவில் கிளெனிஸோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிளெனிஸ், அங்க செப்டம்பர்னா என்ன காலம்?"

"இலையுதிர் காலம்."

நெவில் உண்மையான இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "பாவம், அந்தச் சனங்க."