சுறாத் தந்தியும் மூன்று புதுப் பாட்டும்

போன கிழமை குசினியில் குந்தியிருந்து பாரை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருக்கிறேன், ரொறன்ரோவிலிருந்து தம்பி அருள் போன் எடுக்கிறான். மீன் கையோடு ஒருமாதிரி அமத்திப் போனை உப்புப் பேணியில் சாத்தி வைத்தேன். அவனுடைய மொட்டைத் தலை மட்டும் தெரிந்தது.

“அக்கா, நான் இப்ப நடுத்தரத்துக்கு வந்திட்டன்.”

அறுபத்தொன்பது வயது ஆளுக்கு நடுத்தரத்துக்கு வரக்கூடியது பிரஷர் ஒன்றுதான். “மாதாவே, நல்ல செய்தி. உப்பைக் குறைச்சனியோ?” என்றேன்.

“பிரஷர் இல்லையக்கா. பேஸ் கிற்றார்.”

விஷயம் இதுதான். வேலையை விட்டு நின்ற கையோடு பெரியவர், பாட்டுக்கு அடிச்சத்தம் மட்டும் கொடுக்கிற நாலு தந்திக் கிற்றார் ஒன்று வாங்கி, கிழமைக்கு ஒருநாள் வகுப்புக்கும் போகிறார். ரீச்சர் இவனுடைய மகளைவிட இளசு. தொடக்கக்காரர் வகுப்பிலிருந்து இவனை ஒரு படி ஏற்றிவிட்டு, இனிப் பழக வேண்டிய பத்துப் பாட்டை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒன்று விரல் ஓடுவதற்கு, ஒன்று தாளம் பிசகாமல் நிற்பதற்கு, ஒன்று பொறுமைக்கு. பொறுமைக்கும் ஒரு பாட்டு இருக்கிறதாம். இந்தப் பத்தில் எதை எடுத்தால் கை முன்னேறும் என்று யோசித்து யோசித்து இவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நீ அந்த நாளையிலை என்னெண்டக்கா பாட்டுத் தெரிஞ்செடுத்தனி?”

கேட்டானே ஒரு கேள்வி. கையில் மீன் மணம். பேஸ் கிற்றாரின் தந்தியும் இப்படித்தான் மணக்கும். உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கடற்காற்றில் துருப்பிடித்த இரும்பை மீன் வெட்டின விரலால் ஒரு மாதம் தடவிப் பாருங்கோ, அப்போது விளங்கும்.

ஓம், நான் வாசித்தேன். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் பேஸ் கிற்றார் வாசித்த பெண் நான் ஒருத்திதான். வேறு யாரும் இருந்தால் வரட்டும், கதைப்போம்.

எங்கள் பகுதியில் மரியான் அண்ணை ஒரு பாண்ட் கோஷ்டி வைத்திருந்தார். அவர் வாசித்தது அக்கோடியன், இழுத்து மூடுகிற காற்றுப் பெட்டி. அருள்தான் பாட்டுக்காரன், அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, தலை நிறைய மயிர். கலியாணம், வேதக்கோயில் பெருநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். சாமான் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தது, பூட்டுப் போடக்கூடிய அறை எங்களிடம் இருந்தபடியால். பேஸ் வாசித்த ஸ்ரனி என்பவர் கப்பல் வேலைக்குப் போய்விட, அவருடைய கிற்றார் மூலையில் சும்மா நின்றது. அம்மா சந்தைக்குப் போகிற நேரமெல்லாம் நான் அதைத் தூக்கி மடியில் வைத்தேன். ஒரு கலியாணத்துக்கு ஆள் இல்லாமல் போன அன்று, மரியான் அண்ணை வேறு வழியில்லாமல் என்னைக் கேட்டார். வேறு வழியில்லாமல் கேட்டார் என்பது அவருடைய கதை. நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தந்திகளுக்கு இங்கிலீசு எழுத்தில் பெயர் இருக்கிறதாம், யாருக்கு வேணும்? தடித்ததுக்குச் சுறா என்று வைத்தேன். அடுத்தது பாரை, அதற்கடுத்தது விளைமீன், மெல்லிசுக்குச் சின்னச் சூடை மீன். “சுறா ரெண்டு, பாரை ஒண்டு, திரும்பச் சுறா” என்று சத்தமாய்ச் சொல்லிச் சொல்லித்தான் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் பெட்டியோடு ஓடி வந்துவிட்டாள், கடலுக்குப் போன அப்பாவின் வள்ளத்துக்கு அத்தனை சுறா பட்டுவிட்டதாக்கும் என்று. இல்லை என்றதும் அவளுக்கு வந்த கோபம்! வாங்க வந்தவளுக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டினேன், அதற்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது.

ஆறேழு மாதத்தில் நானும் தம்பி சொல்கிற அந்த நடுத்தரத்துக்கு வந்து சேர்ந்தேன். நடுத்தரம் என்றால் என்ன? தெரிந்த பாட்டு கண்ணை மூடிக்கொண்டு வரும், தெரியாத பாட்டு கண்ணைத் திறந்தாலும் வராது. அந்த இடத்தில் நிற்கும்போதுதான் ஒருநாள் மரியான் அண்ணை வீட்டுக்கு வந்தார். வாங்குப் பலகையில் குந்தினார், எழும்பினார், திரும்பக் குந்தினார்.

“பெருநாளுக்கு ஸ்ரனி வாறான் பிள்ளை. பேஸ் அவன்ரை இடம்.”

“இடத்திலை பேர் எழுதியிருக்கோ அண்ணை?”

“நீ அதே நாலு பாட்டைத்தானே திருப்பித் திருப்பி வாசிக்கிறாய். சனம் அவனைத்தானே கேக்கும்.”

“மூண்டு புதுப் பாட்டு வாசிச்சுக் காட்டினால்?”

மரியான் அண்ணை பக்கத்தில் இருந்த அக்கோடியனை ஒருக்கா இழுத்து மூடினார். அவருக்குப் பதிலாய் அது பெருமூச்சு விட்டது. “வாசி பாப்பம்.”

பெருநாளுக்கு ஒரு மாதம் இருந்தது. எனக்கு அந்தக் கிற்றாரை விட்டால் வேறு ஒன்றும் இல்லை என்று அழுதேன் என்று நினையாதேயுங்கோ. அழவில்லை. ஆனால் அன்று இரவு அதை மூலையில் சாத்தாமல் பாயில் பக்கத்தில் கிடத்திக்கொண்டு படுத்தேன், அவ்வளவுதான்.

இனிப் பாட்டுத் தேட வேண்டும். எங்களிடம் ரெக்கோட் பெட்டி ஏது? கலியாண வீடுகளில் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடிந்ததிலிருந்து பாட்டுப் போடுவார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணிக்குப் போகிறவள் போல, சந்து, ஒழுங்கை எல்லாம் சுற்றி அந்தக் குழாய்களுக்குக் கீழே போய் நின்றேன். ஒரு வீட்டில் என்னைக் கலியாணப் பொம்பிளை பக்கத்து ஆள் என்று எண்ணிப் பலகாரத் தட்டைக் கையில் தந்துவிட்டார்கள். பாட்டு முடியும்வரை பரிமாறினேன். நல்ல பயற்றம் பணியாரம்.

குழாய் ஸ்பீக்கரைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் கீழ்ச்சத்தம் வராது. தொண்டைக்கு மேலேதான் பாடும். அதுக்குள்ளே பேஸ் எங்கே கேட்கிறது! எங்களுக்கு அப்போது இது தெரியாது. எங்கள் வீட்டுச் சின்ன ரேடியோவும் அதே சாதிதான்.

“அக்கா, இந்தப் பாட்டிலையும் பேஸ் இல்லை” என்பான் அருள்.

“பாவங்கள். அவையளுக்கு ஆள் கிடைக்கேல்லையாக்கும்.”

மெய்யாகவே அப்படித்தான் நம்பினேன். ஊர் ஊராய்ப் பெரிய பாட்டுக்காரர்கள் எல்லாம் பேஸுக்கு ஆளில்லாமல் தவிக்கிறார்கள், நான் மனம் இரங்கிச் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று. ஆகையால் எந்தப் பாட்டில் ஓட்டை பெரிதாய்க் கேட்டதோ அதையே தெரிந்தெடுத்தேன். முதலாவது ஒரு பைலா, சனத்தை எழுப்பி ஆட வைக்கிற பாட்டு. அதற்கு அப்பாவின் வள்ளத்து எஞ்சின் பிடியாமல் பிடிக்கிற தாளத்தைப் போட்டேன்: டுக், டுக், ஒன்றும் இல்லை, டுக், டுடுடுக். இரண்டாவது மெல்ல மெல்லப் போகிற ஒரு காதல் பாட்டு. அம்மா பலகையில் வைத்துத் திருக்கை வெட்டுகிற தாளம் அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. மூன்றாவதற்கு எங்கள் பங்குச் சுவாமியின் பிரசங்கம். மூன்று சொல் சொல்லுவார், நிற்பார், சனத்தைப் பார்ப்பார், பிறகு மூன்று சொல். சுவாமிக்கு இது கடைசிவரை தெரியாது.

எல்லாம் சரியாய் வந்துகொண்டிருக்க, பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் சுறா அறுந்தது. துரு. கொழும்புக்குப் போனால்தான் பேஸ் தந்தி. நான் யோசித்தேன். பேர் சுறா, அறுந்ததும் சுறா. அப்பா சுறாவுக்குப் போடுகிற தங்கூசி, தடித்த நைலோன் நூல், கொட்டிலில் சுருள் சுருளாய்க் கிடக்கிறது. கை இரண்டையும் விரித்து அளந்து இரண்டு பாகம் வெட்டிக் கட்டினேன். வீட்டில் மின்சாரம் இல்லாமல் வாசிக்கிறபோது பொத்துப் பொத்தென்று நன்றாய்த்தான் கேட்டது. முந்தின தந்தியை விட மினுக்கம் வேறு.

பெருநாள் பின்னேரம். கோயில் வளவில் மேடை. கீழே முதல் வரியில் ஸ்ரனி, வெள்ளைச் சப்பாத்து, கையைக் கட்டிக்கொண்டு. பைலா தொடங்கியது. பாரை முழங்கியது, விளை முழங்கியது, சுறாவைத் தட்டினேன். மௌனம். திரும்பத் தட்டினேன். சுத்த மௌனம். இரும்புத் தந்தியின் சத்தத்தைத்தான் அந்தக் கிற்றார் இழுக்கும், நைலோனை அதுக்குத் தெரியவே தெரியாது என்று எனக்கு யார் சொன்னது?

நான் அருளைப் பார்த்தேன். அருள் என் விரலைப் பார்த்தான். அவன் கையில் மைக். அடுத்த முறை என் விரல் சுறாவில் விழ, பாட்டு வரியை நடுவில் விட்டுவிட்டு “டொம்!” என்றான்.

பிறகென்ன. பாட்டும் அவன், சுறாவும் அவன். காதலியைக் கூப்பிட்டுவிட்டு “டொம்.” அவளுடைய கண்ணைப் பற்றி ஒரு வரி, “டொம்.” மூச்சு வாங்கி முகம் சிவந்துவிட்டது. சனம் இது ஏதோ புதுப் பாணி என்று எண்ணிவிட்டது. மீன் சந்தைக் கிழவர்கள் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு டொம்முக்கும் ஒரு குதி குதித்தார்கள். மூன்று பாட்டும் முடிந்து கைதட்டு அடங்குகிற நேரம் பார்த்து, பின்னாலிருந்து அப்பாவின் குரல்:

“உது என்ரை தங்கூசியல்லோ! ரெண்டு பாகம் காணேல்லை எண்டு மூண்டு நாளாய்த் தேடுறன்!”

ஸ்ரனி மேடைக்கு ஏறி வந்து குனிந்து தந்தியைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். “தங்கச்சி, உந்தப் பைலாவுக்கு உப்பிடி ஒரு பேஸ் இல்லை. நான் ரெக்கோட்டிலை கேட்டனான்” என்றார்.

“இருந்தால் எனக்குக் கேட்டிருக்குமே.”

அவர் தான் கொண்டுவந்த புதுக் கிற்றாரை மாட்டிக்கொண்டு அதே பைலாவைச் சரியான விதத்தில் வாசித்தார். குற்றம் சொல்லக்கூடாது, எண்ணெய் போல் ஓடியது. ஆனால் கிழவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“என்னடாப்பா உது, கால் போகுதில்லை.”

“டொம் எங்கை? டொம்மைப் போடச் சொல்லு!”

ஸ்ரனிக்கும் டொம் போடு என்கிற மாதிரி மரியான் அண்ணை அருளைத் திரும்பிப் பார்த்தார். “எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு” என்றான் அருள், மைக்கிலேயே. என் தம்பி கெட்டவன்தான், ஆனால் என்னுடைய தம்பி.

மரியான் அண்ணை அக்கோடியனை இழுத்து மூடினார். “ஸ்ரனி, நீ லீட் கிற்றார் வாசியடாப்பா. பேஸ் பிள்ளையிட்டை இருக்கட்டும்.”

ஸ்ரனி தன் பெட்டிக்குள்ளிருந்து உண்மையான தந்தி ஒன்று எடுத்துத் தந்தார். “உந்தத் தங்கூசியைக் கழட்டி உன்ரை அப்பரிட்டைக் குடு” என்றார். நீங்கள் இப்போது நினைக்கிறது நடக்கவில்லை. அவர் அடுத்த கப்பலில் போய்விட்டார். நான் வேறு ஆளைக் கலியாணம் முடித்தேன், இவருக்குத் தாளமே பிடிபடாது. பேஸை நான் எட்டு வருஷம் வாசித்தேன். சண்டை வந்து இடம்பெயர்ந்து போகும்போது தலையணை உறைக்குள் அதன் கழுத்தைச் செருகித் தூக்கிக்கொண்டு போய், சாவகச்சேரியில் தெரிந்தவர்கள் வீட்டில் வைத்தேன். திரும்பிப் போய்ப் பார்க்க, அங்கே வீடும் இல்லை.

“அக்கா, நிக்கிறியோ?” உப்புப் பேணியிலிருந்து அருள் கத்தினான். “அந்தப் பைலாவின்ரை பழைய ரெக்கோட்டைப் பிடிச்சிட்டன். காதிலை மாட்டு, போடுறன்.”

கையைக் கழுவி, மகள் வாங்கித் தந்த இயர்போனைக் காதில் மாட்டினேன். பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாய், ஒரு மனுஷன் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான். ஏறுகிறான், இறங்குகிறான், வீடு கூட்டுகிறவள் போல மூலை மூலையாய் ஓடுகிறான். இத்தனை காலமும் உள்ளேதான் இருந்திருக்கிறான்.

“எப்பிடி?”

“நல்லாத்தான் வாசிக்கிறான். ஆனால் பாட்டுக்குக் குறுக்கை நிக்கிறான்.”

“ஸ்ரனி சொன்னது சரியெண்டு ஒருக்காச் சொல்லன் அக்கா.”

“ஸ்ரனி ரெக்கோட்டிலை இருக்கிறமாதிரி வாசிச்சவர். நான் எங்கடை கிழவருக்கு வாசிச்சன்.”

அந்தக் கிழவர்கள் போய்விட்டார்கள். மரியான் அண்ணையும் அக்கோடியனும் போய்விட்டார்கள். தென்னை மரத்தில் குழாய் கட்டுகிறவர்களும் இல்லை. இப்போது கலியாண வீட்டில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டி வைக்கிறார்கள், நெஞ்சுக்கூடு அதிருகிறது, அலுமாரிக்குள் பீங்கான் ஆடுகிறது. பாட்டெல்லாம் கழுத்துவரை நிரம்பித்தான் வருகிறது. ஒருத்தி குடத்தோடு வந்து நின்று, இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது என்று உள்ளே நுழைய ஒரு நீக்கல் இல்லை.

“பத்திலை எதை எடுக்கிறது எண்டு நீ இன்னும் சொல்லேல்லை.”

“காதிலை மாட்டுறதைக் கழட்டிப்போட்டு, போனிலை சும்மா போட்டுக் கேள். எதிலை ஓட்டை பெரிசாய்க் கேக்குதோ, அதை எடு.”

சொன்னபடி நானும் கழற்றினேன். போன் தன் சின்ன வாயால் பாடியது, மெல்லிசாய், கிரீச்சென்று, அசல் குழாய் ஸ்பீக்கர். அந்த மனுஷன் காணாமல் போய்விட்டான். நான் மீன் பலகையில் விரலைப் போட்டேன். டுக், டுக், ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்துக்கு அருள் “டொம்” என்றான். கனடாவிலிருந்து வந்து சேர அது அரைத் தாளம் பிந்திவிட்டது. போனின் பிழை என்கிறான். அன்றைக்கும் அவன் பிந்தித்தான் சொன்னவன்.